ஒட்டுறவு 0.71

ஆம்பூர்
10 ஜூன் 2025

ராஜேஷுக்கு,

உன் நம்பரை நேற்று சாயந்திரம் பிளாக் செய்துவிட்டேன். போன் கெட்டுப்போகவில்லை, சிக்னலும் போகவில்லை. நீயாக எதையாவது நினைத்துக்கொள்ளக் கூடாது என்று இதை முதலில் சொல்கிறேன். போனில் பேசினால் நீ குரலை இறக்கி, "சரி, விடு ஷர்மி" என்பாய். நானும் விட்டுவிடுவேன். காகிதத்தில் விடமாட்டேன்.

அம்மா எதிரில் உன்னை "நீங்க" என்கிறேன். இது ஒரே கல்லூரியில் படித்துச் சண்டை போட்டுக் கல்யாணம் செய்துகொண்ட இரண்டு பேருக்கு நடுவில் நடக்கிற பேச்சு. அதனால் நீ.

நேற்று ஷிப்ட் முடியும் முன்பே தையல் பிரிவுப் பெண்கள் எல்லாரையும் கேன்டீனுக்கு வரச் சொன்னார்கள். நான் ஷூ தரம் பார்க்கும் மேசையிலிருந்து அப்படியே எழுந்து போனேன், ஏப்ரன்கூடக் கழற்றவில்லை. எச்.ஆர். மேனேஜர் லோகநாதன் சுவரில் ஒரு படம் போட்டுக் காட்டினார். கீழே ஒரு கோடு: மார்ச் மாதத்தில் ஒரு பெண் எத்தனை நாள் தன் பிள்ளையைத் தொழிற்சாலைக் காப்பகத்தில் விட்டாள். நிற்கிற கோடு: அதே மாதத்தில் அவள் எத்தனை மணி நேரம் வேலையை விட்டு விலகியிருந்தாள், லீவையும் சேர்த்து. நடுவில் பச்சைப் புள்ளிகள். ஒரு பெண்ணுக்கு ஒரு புள்ளி. இடது கீழ் மூலையிலிருந்து வலது மேல் மூலைக்கு எறும்பு மாதிரி ஏறிப் போயின. தலைப்பில் கொட்டை எழுத்தில் 0.71.

"இன்னா சார் இது?" என்று கேட்டாள் ரஃபத் ஜஹான். என் லைனில் தைப்பவள், வாய்க்குப் பயப்படாதவள்.

"காப்பகத்த ஜாஸ்தி யூஸ் பண்றவங்க வேலைல கம்மியா இருக்காங்கன்னு அர்த்தம்மா. நாங்க சொல்லல. மெட்ராஸ்ல ஸ்டாடிஸ்டிக்ஸ் கம்பெனி சொல்லுது. நம்பர் பொய் சொல்லாது."

அதனால் ஜூலை 21 முதல் காப்பகம் ஹைவேக்கு அந்தப் பக்கம் ஒரு வாடகை வீட்டுக்குப் போகிறது. மூடவில்லை, மாற்றுகிறார்கள், அவ்வளவுதானாம். சட்டப்படி காப்பகம் இருக்கும். ஆனால் இப்போது நான் ஒரு படிக்கட்டு இறங்கினால் எஸ்தருக்குப் பால் கொடுக்கலாம். இனி கேட்டில் பாஸ் வாங்கி, சர்வீஸ் ரோடு தாண்டி, சுரங்கப்பாதையில் இறங்கி ஏறி, திரும்பி வர வேண்டும். யார் போவார்கள்? யாரும் போகக் கூடாது என்றுதான்.

படத்தின் கீழ் மூலையில் உன் கம்பெனி பெயர் இருந்தது. அதற்குக் கீழே சின்னதாக ஆர்.எஸ். பச்சையைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. நம் கல்யாணப் பத்திரிகைக்கு நீ அடம்பிடித்து வாங்கிய பச்சை.

ஒன்பது மாதக் குழந்தைக்கு அப்பாவாக இருந்துகொண்டு இதைச் செய்திருக்கிறாய். சனிக்கிழமை வராதே.

ஷர்மிளா

•

சென்னை
17 ஜூன் 2025

ஷர்மி,

வராதே என்று எழுதியிருந்தாய். கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது, சனிக்கிழமை வந்தேன். உன் அண்ணன் இன்பராஜ் வாசலிலேயே நாற்காலி போட்டு உட்காரவைத்தார். "மாப்ள, டீ சாப்ட்டுட்டு கெளம்புங்க. அவ பேசற மூடுல இல்ல. நான் சொன்னா என்னையும் திட்றா" என்றார். உள்ளே எஸ்தர் தட்டை எதன்மீதோ அடிக்கிற சத்தம் கேட்டது. டீ நன்றாக இருந்தது. கடைசி பஸ்ஸில் திரும்பினேன்.

இப்போது என் பக்கத்தைச் சொல்கிறேன், முழுக்கப் படி.

எங்களிடம் வந்த தகவலில் பெயர்கள் இல்லை. தொழிலாளர் எண் மட்டும். உங்கள் கம்பெனிக்கு நாலைந்து ஆலைகள் உண்டு, எதுவென்று சொல்லவில்லை. இரண்டாம் நாளே உங்களுடையது என்று எனக்குப் புரிந்தது, அதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் கொடுத்த வேலை இதுதான்: இந்த இரண்டும் சேர்ந்து நகர்கின்றனவா? நகர்கின்றன. ஒன்று ஏறும்போது மற்றதும் ஏறினால் அந்த எண் ஒன்றை நோக்கிப் போகும். ஒன்று ஏற மற்றது இறங்கினால் கழித்தல் ஒன்றை நோக்கிப் போகும். ஒன்றையொன்று கண்டுகொள்ளாவிட்டால் பூஜ்ஜியம் பக்கம் நிற்கும். உங்கள் ஆலையில் 0.71. இதில் பொய் இல்லை. காப்பகத்தில் பிள்ளை விடும் பெண்கள் உண்மையிலேயே மற்றவர்களைவிட அதிக நேரம் விலகியிருக்கிறார்கள்.

ஆனால் ஏன் என்று அந்த எண் சொல்லாது. ஆம்பூரில் பிரியாணிக் கடையில் கூட்டம் ஏறுகிற நாளில் எல்லாம் சர்ச் மணியும் அதிகம் அடிக்கிறது. மணி அடித்ததால் ஊருக்குப் பசி எடுக்கவில்லை, கூட்டத்தைப் பார்த்து யாரும் மணி அடிக்கவும் இல்லை. அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. இரண்டையும் ஏற்றிவிட்டது அதுதான். இதை நான் அறிக்கையில் எழுதினேன். ஆறாம் பக்கம், இரண்டாம் பத்தி: "இந்த ஒட்டுறவைக் காரணமாகக் கொள்ளக் கூடாது." அந்தப் பக்கத்தை லோகநாதன் காட்டவில்லை என்றால் அதற்கு நான் என்ன செய்ய?

பிளாக்கை எடு. எஸ்தரை வீடியோவிலாவது பார்க்கிறேன்.

ராஜேஷ்

•

ஆம்பூர்
21 ஜூன் 2025

ராஜேஷ்,

ஒட்டுறவு. கல்லூரியில் உன் புள்ளியியல் புத்தகத்தில் அந்த வார்த்தையைப் பார்த்துவிட்டு, கணக்குக்கு இவ்வளவு பாசமான பெயரா என்று நான் சிரித்தது நினைவிருக்கிறதா? இரண்டு மனுஷர்களுக்கு நடுவில் இருக்க வேண்டியதை இரண்டு எண்களுக்கு வைத்திருக்கிறார்கள். நீயும் எண்களிடம்தான் அதை வைத்திருக்கிறாய்.

ஆறாம் பக்கமாம். ஆறாம் பக்கத்தை யார் படிப்பார்கள்? தோல் கிழிந்த ஷூவைப் பெட்டியில் போட்டு, பெட்டிக்கு அடியில் "கிழிந்திருக்கிறது" என்று சீட்டு வைத்து அனுப்பினால் நான் அதைத் தேறியதாக எழுத முடியுமா? முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் 0.71 போட்டது லோகநாதனா, நீயா?

உன் படத்தின் உச்சியில், மற்றவற்றை விட்டு இடது பக்கமாக ஒதுங்கி, ஒரு புள்ளி தனியாக நிற்கிறது. அதற்குப் பெயர் வைக்கட்டுமா? மார்ச்சில் எஸ்தருக்குக் காய்ச்சல் வந்தது. இறங்கவே இல்லை. நான் அவளைத் தூக்கிக்கொண்டு பாகாயம் ஆஸ்பத்திரிக்கும் ஆம்பூருக்கும் பஸ்ஸில் அலைந்த வாரம் அது. நீ போனில், "புது பிராஜெக்ட் ஆரம்பிக்கற நேரம், நீயே பாத்துக்கோ" என்றாய். எந்த பிராஜெக்ட் என்று நான் கேட்கவில்லை. அந்த வாரம் முழுக்க லீவு. அந்தப் புள்ளி நான்.

புள்ளி ஆனதற்கு எனக்கு வெட்கம் இல்லை. இன்னொரு தடவை அவளுக்குக் காய்ச்சல் வந்தாலும் அதே உச்சியில் போய் நிற்பேன்.

நேற்று மத்தியானம் ஹலீமா பீயிடம் விஷயத்தைச் சொன்னோம். காப்பகத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறவருக்கே யாரும் சொல்லவில்லை. கேட்டுவிட்டு, எஸ்தர் வாயைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "அந்த வூட்டுக்கு நான் போ மாட்டேன்மா. இங்க ஒரு புள்ள அழுதா நான் மேல பாத்து ஒரு கொரல் குடுப்பேன், தாய் எறங்கி வந்துருவா. அங்கிருந்து யாருக்கு கொரல் குடுக்கறது, லாரிக்கா?"

காப்பகக் கூரை ஒழுகி மழைக்காலம் முழுக்க மூடியிருந்த வருஷம் ஒன்று உண்டு. நான் சேருவதற்கு முன்னால். அப்போது சந்திரா என்று ஒருத்தி இருந்தாளாம், இந்த லைனிலேயே அவளைப் போல் தைக்க ஆளில்லையாம். கைக்குழந்தையோடு ஒரு மாதம் தாக்குப்பிடித்தாள். பிறகு வேலையை விட்டுவிட்டுக் குடியாத்தத்தில் மாமியார் வீட்டுக்குப் போய்விட்டாள், இப்போது தறிக்கு நூல் சுற்றுகிறாள். இதையும் ஹலீமா பீதான் சொன்னார். இங்கே எல்லாரும் பேஜாராகிக் கிடக்கிறோம். எனக்குப் பேஜார் தாண்டிக் கோபம் வந்துவிட்டது.

பிளாக் இருக்கட்டும்.

ஷர்மிளா

•

சென்னை
29 ஜூன் 2025

ஷர்மி,

உன் கடிதத்தை ஆபீஸில் படிக்கவில்லை. வீட்டுக்கு வந்து படித்தேன். பிறகு ஒரு வாரமாக வேறு எதுவும் செய்யவில்லை.

அந்த உச்சிப் புள்ளியை நான் பார்த்திருந்தேன். மற்றவற்றோடு சேராமல் நின்றதால் தொழிலாளர் எண்ணைக்கூட எடுத்துப் பார்த்தேன். உன் அடையாள அட்டை எண் எனக்கு மனப்பாடம் இல்லை. தேடியிருந்தால் தெரிந்திருக்கும். தேடவில்லை. 

சந்திரா என்று எழுதியிருந்தாயே, அங்கே நின்றுவிட்டேன். என் படத்தில் சந்திரா எங்கே? இல்லை. மார்ச்சில் வேலையில் இருந்தவர்கள் மட்டும்தான் அதில் புள்ளி. காப்பகம் இல்லாததால் வேலையை விட்டவள் விலகியிருந்த நேரம் என்ன? முழு வாழ்க்கையும். அவளுக்குப் புள்ளி வைக்கத் தாளில் இடம் இல்லை. அவள் இல்லாத படத்தைக் காட்டி, காப்பகம் வேலையைக் கெடுக்கிறது என்கிறார்கள்.

இன்னொன்று. தையல் பிரிவில் பாதிக்கு மேல் கல்யாணமாகாதவர்கள், அல்லது பிள்ளைகள் வளர்ந்துவிட்டவர்கள். அவர்கள் எல்லாரும் இடது கீழ் மூலையில் கொத்தாகக் கிடக்கிறார்கள். கைக்குழந்தைக்காரிகளில் பெரும்பாலோர் வலது மேல் மூலையில். நடுவில் சிலர்தான். இரண்டு கூட்டத்தை ஒரே படத்தில் போட்டால் புள்ளிகள் ஏறத்தான் செய்யும். பிள்ளைகளின் வயதும் அந்தத் தகவலிலேயே இருந்தது. இரண்டு வயதுக்குள் பிள்ளை இருக்கிற பெண்களை மட்டும் தனியே எடுத்து, காப்பகத்தில் அதிகம் விடுபவர்கள், வீட்டில் யாரிடமாவது விட்டு வருபவர்கள், எல்லாரையும் வைத்து மறுபடி கணக்குப் போட்டேன். 0.71 இறங்கி 0.08 ஆனது. கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை. காப்பகம் யாரையும் லைனை விட்டு இழுக்கவில்லை. குழந்தை இழுக்கிறது. அங்கே காப்பகம்தான் ஞாயிற்றுக்கிழமையில் அடிக்கிற மணி.

இதை முதலிலேயே செய்திருக்கலாமே என்று நீ கேட்பாய். செய்திருக்கலாம். கேட்டதை மட்டும் செய்தேன்.

என் மேலதிகாரி ஸ்வேதா மேடத்திடம் காட்டினேன். அவர் கெட்டவர் இல்லை. பார்த்துவிட்டு, "கரெக்ட்தான் ராஜேஷ். ஆனா கிளையன்ட் இத கேக்கலியே" என்றார். அறிக்கை முடிந்துவிட்டதாம், திறக்க முடியாதாம். எங்களுக்கு ரகசியக் காப்பு ஒப்பந்தம் வேறு இருக்கிறது. அதனால் இந்த 0.08-ஐ நீ வெளியே சொல்ல வேண்டாம். உனக்குத் தெரிய வேண்டும் என்று எழுதினேன்.

ராஜேஷ்

•

ஆம்பூர்
5 ஜூலை 2025

ராஜேஷ்,

எனக்குத் தெரிந்து என்ன ஆகப்போகிறது? 0.71 மட்டும் கேன்டீன் சுவரில், எல்லார் கண் முன்னால். 0.08 மட்டும் ரகசியம், பெண்டாட்டியின் காதில். எங்களைக் கெடுத்தது விளம்பரமாக வர வேண்டும், காப்பாற்றுவது முக்காடு போட்டுக்கொண்டு வர வேண்டுமா? நல்ல நியாயம்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் ரஃபத் ஜஹானோடு அவள் ஸ்கூட்டியில் குடியாத்தம் போனேன். எஸ்தரை அம்மாவிடம் விட்டுவிட்டு. சந்திராவைப் பார்த்தோம். வீடு முழுக்கத் தறிச் சத்தம், கத்தித்தான் பேச வேண்டியிருந்தது. அந்த மழைக்காலத்தில் அவளோடு சேர்ந்து விட்டுப் போனவர்கள் பெயரை எல்லாம் விரல் மடக்கிச் சொன்னாள். இரண்டு கையும் போதவில்லை. "இப்ப தெறந்துட்டாங்களா? நல்லா நடத்தறாங்களா?" என்று கேட்டாள். மாற்றப்போகிறார்கள் என்பதை ரஃபத்தான் சொன்னாள். சந்திரா அறுந்த நூலை முடிந்துகொண்டே, "என் பேர அங்க சொல்லு. சந்திரா எதுக்கு நின்னான்னு கேட்டா சொல்லு. நான் தைக்கத் தெரியாம நிக்கல" என்றாள்.

சொல்லத்தான் போகிறேன்.

எனக்கும் ஒரு படம் கிடைத்திருக்கிறது. தரம் பார்க்கிறவள் நான்தானே, எந்த லைனில் எத்தனை ஷூ கழிக்கப்படுகிறது என்பது எனக்குத் தெரியும். போன மூன்று மாதத்துக்குப் போட்டுப் பார்த்தேன். எந்த லைனில் காப்பகப் பெண்கள் அதிகமோ அந்த லைனில் கழிவு கம்மி. ஒன்று ஏற மற்றது இறங்குகிறது. நீ சொன்ன கழித்தல் பக்கம். இதைச் சார்ட் பேப்பரில் பெரிதாக வரைந்து, அவர்கள் படம் காட்டிய அதே சுவரில் ஒட்டப்போகிறோம். பச்சை வேண்டாம், சிவப்பு. லைன் கணக்கை இதோடு வைத்திருக்கிறேன், எண் மட்டும் சரியாகக் கணக்குப் போட்டு அனுப்பு. அவர்கள் நம்பர் கொண்டுவந்தால் நாங்களும் நம்பர் கொண்டுவருவோம்.

இந்த ஒன்றையாவது எங்களுக்காகச் செய்.

ஷர்மிளா

•

சென்னை
11 ஜூலை 2025

ஷர்மி,

நீ அனுப்பியதைக் கணக்குப் போட்டேன். கழித்தல் 0.64. அழகான எண். ஆனால் ஒட்டாதே.

கோபப்படுவாய் என்று தெரியும். முடிந்தால் கடிதத்தைக் கீழே வைத்துவிட்டு, தண்ணீர் குடித்துவிட்டு வா.

உங்கள் லைன்களில் காப்பகப் பெண்கள் அதிகம் இருப்பது எதில்? நீயே ஒரு தடவை சொல்லியிருக்கிறாய்: பழைய கைகள் எல்லாம் ஒன்று, இரண்டாம் லைனில், புதிதாகச் சேர்ந்த பெண்கள் ஐந்து, ஆறில். புதுசுகளுக்கு இன்னும் கல்யாணமே ஆகவில்லை. பழைய கைகளுக்கு அனுபவமும் இருக்கிறது, பிள்ளையும் இருக்கிறது. கழிவு கம்மியாவது அனுபவத்தால். காப்பகத்தால் என்று நீ சொன்னால், அவர்கள் உங்களுக்குச் செய்ததை நீ அவர்களுக்குச் செய்கிறாய். லோகநாதனுக்குப் பதில் சொல்லத் தெரியாமல் போகலாம். ஆனால் அவர் எங்களைப் போல் வேறு ஒரு கம்பெனியிடம் கொடுப்பார். அங்கே என்னைப் போல் ஒருவன் பத்து நிமிடத்தில் இதை உடைப்பான். அதற்குப் பிறகு நீங்கள் சொல்லும் உண்மையையும் யாரும் நம்பமாட்டார்கள்.

நம் பக்கத்துக்குச் சாதகமாக இருக்கிறது என்பதற்காக ஒரு தப்பான எண்ணுக்கு நான் கையெழுத்துப் போடமாட்டேன். அப்படி ஒருமுறை போட்டுவிட்டுத்தான் இங்கே வந்து நிற்கிறோம்.

நான் செய்யக்கூடியதைச் செய்துவிட்டேன். நேற்று உங்கள் கம்பெனி நிர்வாகத்துக்கு என் பெயரில், கையெழுத்தோடு ஒரு கடிதம் அனுப்பினேன். அறிக்கையின் முதல் பக்கம் தவறான முடிவுக்கு இட்டுச்செல்கிறது, பிள்ளைகளின் வயதைப் பிரித்துப் பார்த்தால் தொடர்பு மறைந்துவிடுகிறது, வேலையை விட்டுப் போனவர்கள் கணக்கில் இல்லை, இதை வைத்துக் காப்பகத்தை மாற்றுவதற்குப் புள்ளியியலில் எந்த ஆதாரமும் இல்லை. இவ்வளவும் ஒரே பக்கத்தில். இந்தமுறை ஆறாம் பக்கம் கிடையாது. தகவல் அவர்களுடையது, பிழை நாங்கள் அவர்கள் கையில் கொடுத்தது. அவர்களிடமே சொல்வது ரகசியத்தை உடைப்பதாகாது என்று நினைக்கிறேன். ஸ்வேதா மேடம் அப்படி நினைக்கவில்லை. இன்று காலை என் அட்டை லிப்ட் பக்கத்துக் கதவைத் திறக்கவில்லை. செக்யூரிட்டி வந்து திறந்துவிட்டார்.

ராஜேஷ்

•

ஆம்பூர்
23 ஜூலை 2025

ராஜேஷ்,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு நான் தண்ணீர் குடிக்கவில்லை. பாத்திரம் எல்லாவற்றையும் சத்தமாகக் கழுவினேன். "யார் மேல கோவம்?" என்றார் அண்ணன். "கழித்தல் பாயிண்ட் ஆறு நாலு மேல" என்றேன். அவர் எழுந்து வெளியே போய்விட்டார்.

ரஃபத் சார்ட் பேப்பர் வாங்கி, சிவப்பு ஸ்கெட்ச் பேனாவும் வாங்கி வைத்திருந்தாள். ஒட்ட வேண்டாம் என்றதும் என்னைப் பார்த்த பார்வை! "உன் வூட்டுக்காரர் பேச்சக் கேட்டுட்டியா?" என்றாள். "இல்ல, அவர் சொல்றது சரின்றதால கேட்டேன்" என்றேன். எனக்கே அது எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்று நீ புரிந்துகொள்ள வேண்டும்.

ஆனால் அதில் ஒன்று நல்லதாகப் போயிற்று. சுவரில் ஒட்ட எண் இல்லாதபோதுதான் நமக்கு உண்மையில் என்ன வேண்டும் என்று யோசித்தோம்.

திங்கட்கிழமை காலை தொட்டில்களை ஏற்ற வேன் வந்தது. நாங்கள் யாரும் லைனுக்குப் போகவில்லை. பிள்ளைகளோடு காப்பகத்துக்குள் போய்த் தரையில் உட்கார்ந்துகொண்டோம். பிள்ளை உள்ளவர்கள் மட்டும்தான் வருவார்கள் என்று நினைத்தேன். ரஃபத் ஜஹானுக்குப் பிள்ளை இல்லை, அவள்தான் முதலில் மெஷினை அணைத்தாள். அவள் பின்னால் புதுப் பெண்கள், ஐந்து, ஆறாம் லைன்காரிகள், எல்லாரும். இடம் போதாமல் படிக்கட்டு முழுக்க உட்கார்ந்தார்கள். ஹலீமா பீ எல்லாருக்கும் நடுவில் எப்போதும்போல ஒரு பிள்ளைக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தார். தையல் பிரிவு முழுக்கச் சத்தமே இல்லை. அந்தக் கட்டடத்தில் வேலை நேரத்தில் அப்படி ஒரு அமைதியை நான் கேட்டதில்லை.

லோகநாதன் வந்தார். படிக்கட்டில் இறங்க வழியில்லாமல் மேலேயே நின்று பேசினார். கையில் உன் கடிதம்.

"ஷர்மிளா, உன் வூட்டுக்காரர் லெட்டர் வந்துருக்கு. சரி, அந்த ரிப்போர்ட் தப்புன்னே வச்சுக்குவோம். புது நம்பர்ல நீங்க ஜெயிச்சிட்டீங்க. மேல பேசறேன், இப்ப எல்லாரும் லைனுக்குப் போங்க. போதுமா?"

அந்த இடத்தில் எழுந்து போயிருக்கலாம். பாதிப் பேர் எழுந்தே விட்டார்கள். எனக்குத்தான் மனசு ஒப்பவில்லை.

"போதாது சார்," என்றேன். "இன்னிக்கு நம்பர் எங்க பக்கம். நாளைக்கு வேற மாசத்த எடுத்து, வேற கம்பெனி கிட்ட குடுப்பீங்க. அதுல நாங்க தோத்துட்டா? அப்ப மறுபடியும் வேன் வருமா? பாயிண்ட் எட்டு வந்தாலும் சரி, பூஜ்ஜியம் வந்தாலும் சரி, புள்ள பால் குடிக்கணும். நாங்க லைன விட்டு எறங்கறது நெஜம். யாரும் இல்லேன்னு சொல்லல. எறங்குவோம், பால் குடுப்போம், ஏறி வருவோம். அதுக்கு நம்பர் எங்களுக்குப் பர்மிஷன் குடுக்க வேணாம். காப்பகம் இந்தக் கட்டடத்துலயே இருக்கும்னு எழுதிக் குடுங்க."

"எல்லாத்துக்கும் எழுதிக் குடுக்க முடியாதும்மா."

"சந்திராவுக்கு எழுதிக் குடுக்கல சார். அதான் போய்ட்டா."

சந்திரா யார் என்று அவருக்குத் தெரியவில்லை. பழைய பெண்கள் படிக்கட்டிலிருந்தே சொன்னார்கள், ஒவ்வொருத்தியும் ஒவ்வொரு பெயராக, அந்த மழைக்காலத்தில் போனவர்களை. நான் ஏற்பாடு செய்யவில்லை. அவர்களாகவே. அவர் உன் கடிதத்தை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு மேலே போனார். சாப்பாட்டு மணிக்குக் கொஞ்சம் முன்னால் அறிவிப்புப் பலகையில் தாள் ஒட்டினார்கள். காப்பகம் தற்போதைய இடத்திலேயே தொடரும். கம்பெனி முத்திரை, கையெழுத்து. வேன் வெறுமனே திரும்பிப் போயிற்று.

மறுநாள் என்னைப் பேக்கிங்குக்கு மாற்றிவிட்டார்கள். தரம் பார்க்கும் மேசையில் இப்போது வேறு ஒருத்தி. தண்டனை என்று யாரும் சொல்லவில்லை, "தேவைக்கேற்ப" என்று எழுதியிருக்கிறது. அவர்களுக்குத் தெரியவில்லை போலிருக்கிறது, பேக்கிங் கீழ்த்தளத்தில்தான் இருக்கிறது. காப்பகம் பக்கத்துக் கதவு. படிக்கட்டுகூட இறங்க வேண்டாம்.

ஷர்மிளா

•

சென்னை
28 ஜூலை 2025

ஷர்மி,

உன் கடிதத்தை நான்கு தடவை படித்தேன். படிக்கட்டில் அவர்கள் பெயர் சொன்ன இடத்தை அதற்கு மேலும்.

நான் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்தக் கடிதத்தை அனுப்பியபோது 0.08 உங்களைக் காப்பாற்றும் என்று நினைத்தேன். நல்ல எண் கெட்ட எண்ணை வெல்லும், அவ்வளவுதான் என் புத்திக்கு எட்டியது. இரண்டையும் தள்ளிவைத்துவிட்டு நீ கேட்டதைக் கேட்க எனக்குத் தோன்றியிருக்காது. பேக்கிங் என்று படித்தபோது கடிதத்தை மடித்து, மறுபடி பிரித்தேன். அடுத்த வரியைப் படித்துவிட்டு, ஆபீஸ் கேன்டீனில் தனியாகச் சிரித்தேன்.

ஆபீஸ் என்று எழுதுவது இன்னும் ஒரு மாதத்துக்குத்தான். ஒன்று அந்தக் கடிதத்தைத் திரும்பப் பெற வேண்டும், இல்லையென்றால் வேலையை விட வேண்டும் என்றார்கள். ராஜினாமா கொடுத்துவிட்டேன். நோட்டீஸ் காலம் ஓடுகிறது. ஸ்வேதா மேடம் கையெழுத்துப் போடும்போது, "நானா இருந்தா அனுப்பிருக்க மாட்டேன்" என்றார். பேனாவை மூடிக்கொண்டே, "அனுப்பிருக்கணும்" என்றார். அடுத்து என்ன என்று தெரியவில்லை. வேலூரில் ஒன்றிரண்டு இடத்தில் கேட்டிருக்கிறேன்.

இப்போது நீ என்னைப் பற்றி என்ன நினைக்கிறாய் என்று கேட்கவில்லை. ஆனால் வர வேண்டும் போலிருக்கிறது. வாசலில் டீ குடித்துவிட்டுத் திரும்புவதானாலும் சரி. பதில் எழுது.

ராஜேஷ்

•

ஆம்பூர்
1 ஆகஸ்ட் 2025

ராஜேஷ்,

நீ அந்தக் கடிதத்தைத் திரும்பப் பெற்றிருந்தால் இந்தக் கடிதம் வந்திருக்காது. இது மட்டும் உனக்குத் தெரிந்திருக்கட்டும். வேலை போனதற்கு நான் அழவில்லை, நீயும் அழாதே.

எஸ்தர் தொட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். தள்ளிப் போய்க்கொண்டே இருந்த தட்டம்மை ஊசியை வருகிற புதன்கிழமை போட்டே ஆக வேண்டும் என்று நர்ஸ் சொல்லிவிட்டார். போட்டால் ராத்திரி காய்ச்சல் வரலாம், மறுநாளும் இருக்கலாம். பேக்கிங் சூப்பர்வைசர் இன்று கேட்டார்: "புதன், வியாழன் லீவாம்மா?" மற்ற பெண்களும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"இல்ல சார். அவ அப்பா லீவு போடறார்" என்றேன்.

அவர் நான் ஏதோ தமாஷ் சொன்னதுபோலச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அவர் சிரிப்பை நிறுத்தும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன்.

செவ்வாய்க்கிழமையே வந்துவிடு. அண்ணனிடம் சொல்லிவிட்டேன், வாசலில் நாற்காலி இருக்காது. ஊசி போடும் இடத்தில் கூட்டம் இருக்கும், எல்லாம் பெண்களாக இருப்பார்கள், நீ மட்டும் ஆண். வரிசையில் நில். அழுதால் தோளில் போட்டுக்கொண்டு நட, அவளுக்கு உட்கார்ந்தால் பிடிக்காது. காய்ச்சல் மருந்து எவ்வளவு என்று நர்ஸிடம் நீயே கேட்டு நினைவில் வைத்துக்கொள், எனக்குப் போன் செய்து கேட்காதே. நான் வேலையில் இருப்பேன்.

நோட்டீஸ் காலத்தில் லீவு தரமாட்டார்கள் என்று பதில் எழுதப்போகிறாய். தரமாட்டார்கள்தான். போடு.

ஷர்மி